தோட்டக்கிளைகளைத் துண்டாக்கும் இயந்திரம்: பெட்டியைப் பார்ப்பதற்கு முன் கொல்லையைப் பாருங்கள்

ஜார்ஜ்டவுன்: ஒரு மாமரத்தைக் கழித்துவிட்டால் போதும், வாசல் மறைகிற அளவுக்குக் கிளைகள் குவிந்துவிடும். முருங்கையோ ஒரு காற்றுக்கே முறிந்து விழும். வழக்கமான குப்பைத் தொட்டிக்குள் இவை அடங்குவதில்லை. அதனால்தான் இன்றும் பல தாமான்களில் ஞாயிற்றுக்கிழமை மாலையானால் வீட்டுப் பின்புறத்திலிருந்து புகை எழும்புகிறது. கூட்டிக் கொளுத்துவது நம்மவர்களுக்குத் தோட்டப்புறத்திலிருந்தே வந்த பழக்கம். லயத்துக்குப் பின்னால் ஒரு குழி, அதில் சருகு, ஒரு தீக்குச்சி. அன்று பக்கத்து வீடு ஐம்பது அடி தள்ளி இருந்தது. இன்றைய வரிசை வீட்டில் அது ஒரு சுவருக்கு அப்பால் இருக்கிறது. அந்தச் சுவருக்கு அப்பால் ஆஸ்துமா குழந்தை ஒன்று தூங்கிக்கொண்டிருக்கலாம்.

சட்டமும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. 1974-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29ஏ பிரிவு திறந்தவெளி எரிப்பைத் தடை செய்கிறது. 5 லட்சம் வெள்ளி வரை அபராதம், ஐந்தாண்டு வரை சிறை என்பது நீண்ட காலமாக இருந்துவந்த உச்சத் தண்டனை. 2024-இல் சட்டம் திருத்தப்பட்டு அது இன்னும் கடுமையாக்கப்பட்டது.

எரிக்காமல் லோரியில் ஏற்றிவிட்டாலும் கதை அங்கே முடிந்துவிடாது. தீவின் தோட்டக் கழிவும் கட்டுமானக் கழிவும் கொட்டப்பட்டு வந்த ஜெலுத்தோங் குப்பைமேடு 2022 ஜூன் மாதம் தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை அந்தச் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு தொடக்கத்தில் நிபோங் திபாலை அடுத்த பூலாவ் பூரோங் குப்பைமேடும் எரிந்தது. நம் கொல்லையில் நாம் எரிக்காத கிளை இன்னோரிடத்தில் மொத்தமாக எரிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இந்த நிலையில்தான் கிளைகளைப் போட்டால் சிறு துண்டுகளாக்கித் தள்ளும் வீட்டு இயந்திரம் பலர் கண்ணில் படுகிறது. இணையக் கடைகளில் சில நூறு வெள்ளியிலிருந்து பல ஆயிரம் வெள்ளி வரை விதவிதமாகக் கிடைக்கிறது. வாங்கியவர்களில் ஒரு சாரார் அதை ஆறே மாதத்தில் ஸ்டோர் அறைக்குள் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது இயந்திரத்தின் குற்றமாக இருப்பதில்லை. கொல்லையில் என்ன மரம் நிற்கிறது என்று பார்க்காமல் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் பார்த்து வாங்கியதன் விளைவு அது.

நமக்குப் புதிதல்ல

இது ஏதோ வெள்ளைக்காரர் வீட்டுத் தோட்டத்துக்கான பொருள் என்று நினைக்க வேண்டாம். செம்பனைத் தோட்டங்களில் வேலை பார்த்தவர்களுக்கு இதன் பெரிய உருவம் நன்றாகத் தெரியும். ஒரு காலத்தில் மறுநடவு என்றால் கிழ மரங்களைச் சாய்த்து, காயவிட்டு, ஏக்கர் கணக்கில் கொளுத்துவார்கள். கோல்டன் ஹோப் தோட்ட நிறுவனம் 1989-இல் எரிக்காமலேயே மறுநடவு செய்யும் முறையைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதற்காக 1992-இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் 'குளோபல் 500' விருதும் அந்த நிறுவனத்துக்குக் கிடைத்தது. மண்வாரி இயந்திரம் மரத்தைச் சாய்க்கும். அதன் வாளியிலுள்ள வெட்டுப்பல் அடிமரத்தைக் கனமில்லாத துண்டுகளாகச் செதுக்கும். துண்டுகள் வரிசைகளுக்கு நடுவே பரப்பப்பட்டு மண்ணோடு மண்ணாகிவிடும்.

ஏன் அவ்வளவு சிறிதாக வெட்டினார்கள் என்பதற்கு ஒரு காரணம் உண்டு. முழுசாகக் கிடந்து மக்கும் பனைமரத்தில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். அதன் புழு உள்ளேயே மாதக்கணக்கில் தின்று கொழுத்து, வண்டாகி வெளியே வந்து இளங்கன்றின் குருத்தைத் துளைத்துவிடும். துண்டு சிறிதாக இருந்தால் சீக்கிரம் காயும், சீக்கிரம் மக்கும், புழுவுக்கு இடமிருக்காது. இந்த வண்டு நம் கொல்லைக்கும் வரும். அதைப் பிறகு பார்ப்போம்.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. இதை ஒரு கடையில் மரவெட்டி என்கிறார்கள், இன்னொரு கடையில் கிளை அரவை என்கிறார்கள். பாக்கை மெல்லியதாகச் சீவினால் சீவல். பால் மரத்தின் பட்டையை மெல்லியதாக எடுப்பதையும் சீவுதல் என்றுதான் சொன்னோம். இந்த இயந்திரம் கிளையைச் செய்வதும் அதுதான். எனவே இந்தக் கட்டுரையில் இதைச் சீவல் இயந்திரம் என்றே சொல்கிறேன். கடையில் கேட்கும்போது மட்டும் 'வூட் சிப்பர்' அல்லது 'கார்டன் ஷ்ரெடர்' என்று கேளுங்கள். இல்லாவிட்டால் பாக்குவெட்டியைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

வாங்கத்தான் வேண்டுமா?

முதலில் ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போங்கள். கடைசியாகக் கழித்த கிளைகளின் தடிமனை அளந்து பாருங்கள். பெரும்பாலானவை கட்டைவிரல் தடிமனா, கைத்தடி தடிமனா, மணிக்கட்டுத் தடிமனா? ஆண்டுக்கு எத்தனை முறை கழிக்கிறீர்கள்? ஒரு கறிவேப்பிலை, இரண்டு செம்பருத்தி, ஒரு எலுமிச்சை மட்டும் இருந்தால் இந்த இயந்திரம் உங்களுக்குத் தேவையே இல்லை. ஒரு பாராங்கும் ஒரு மர முட்டியும் அரை மணி நேரப் பொறுமையும் போதும். இதைக் கடைக்காரர் சொல்ல மாட்டார்.

மா, ரம்புத்தான், கொய்யா, பலா என்று நாலைந்து மரம் இருந்து, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை கழிப்பவர்களுக்குத்தான் இது பிரயோசனம். வேலி மரங்களை ஒழுங்காக வெட்டிவிட வேண்டிய மூலை வீட்டுக்காரர்களுக்கும் உதவும். செபராங் பிறை பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருப்பவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

மூன்று வகை

முதல் வகை, வேகமாகச் சுழலும் தட்டில் கத்தி பொருத்திய மின்சார இயந்திரம். விலை குறைவு, எடையும் குறைவு. நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றுவதால் சத்தம் காதைப் பிளக்கும். 2,400 வாட், 2,500 வாட் என்று போட்டிருக்கும். பெட்டியில் 40 அல்லது 45 மில்லிமீட்டர் கிளை வரை போடலாம் என்று எழுதியிருக்கும். அது மென்மையான, நேரான, பச்சைக் கிளைக்கான கணக்கு. நம் கொய்யாவும் ரம்புத்தானும் கடினம். பெட்டியில் போட்டதில் மூன்றில் இரண்டு பங்குதான் உங்கள் உண்மையான அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். 45 என்றால் 30.

இரண்டாவது வகையில் பல்வைத்த உருளை ஒன்று மெதுவாக, நிமிடத்துக்குச் சுமார் நாற்பது சுற்று மட்டுமே சுற்றும். கிளையைத் தானே உள்ளே இழுத்து, எதிரே உள்ள தகட்டோடு சேர்த்து நசுக்கி வெட்டும். சத்தம் நன்றாகக் குறையும். சுவரோடு சுவர் ஒட்டிய வீட்டுக்கு இதுவே மேல் என்பது என் கருத்து. குச்சிக்கு இது நல்ல இயந்திரம். இலைக்கும் ஈரத் தழைக்கும் அவ்வளவாகச் சரிப்படாது. உருளையில் சுற்றிக்கொண்டு நின்றுவிடும். பின்பக்கம் சுற்றவைக்கும் விசை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது பெட்ரோல் இயந்திரம். ஏழு குதிரைத்திறன் அளவில் தொடங்கும். மணிக்கட்டுத் தடிமன் கிளையையும் விழுங்கும். மின்கம்பி தேவையில்லை என்பதால் எட்டிய இடத்துக்கெல்லாம் தள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் விலை ஆயிரங்களில், எடை இரண்டு ஆள் தூக்கும் அளவில், பராமரிப்பும் அதற்கேற்ற அளவில். தாமான் வீட்டில் தனியாருக்கு இது அதிகம். ஒரு கோயிலுக்கோ ஒரு கம்போங்குக்கோ பொருந்தும்.

மின்சார வகையின் தகட்டில் ஒரு சின்ன எழுத்து இருக்கும், யாரும் படிப்பதில்லை. 'எஸ்6 40%' அல்லது 'பி40' என்று அச்சிட்டிருந்தால், பத்து நிமிடத்தில் நான்கு நிமிடம்தான் முழுச் சுமையில் ஓடலாம், மீதி ஆறு நிமிடம் சுமையில்லாமல் சுற்ற வேண்டும் என்று பொருள். பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட் இந்தக் கணக்குக்குத்தான். இது தெரியாமல் ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் கிளையைத் திணித்தால் மோட்டார் கருகும். நம் ஊர் வெயிலில் இன்னும் சீக்கிரம் கருகும்.

வாங்கும்போது கட்டாயம் கேட்க வேண்டியது கத்தி தனியாகக் கிடைக்கிறதா என்பது. கத்தி தேயும் பொருள், பொதுவாக அது உத்தரவாதத்தில் சேராது. மாற்றுக் கத்தி கிடைக்காத இயந்திரத்தை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். பெட்ரோல் வகையில் எந்த என்ஜின் என்று பாருங்கள். ஹோண்டா ஜிஎக்ஸ் வகையோ, அதைப் பார்த்துச் செய்யப்பட்ட '168எஃப்' சீன என்ஜினோ என்றால் பாகங்கள் புல்வெட்டும் இயந்திரம் பழுது பார்க்கும் கடைகளிலேயே பெரும்பாலும் கிடைத்துவிடும். முடிந்தால் உங்கள் வீட்டுக் கிளை இரண்டைக் கையோடு கொண்டுபோய், போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தயங்குகிற கடையை விட்டு அடுத்த கடைக்குப் போய்விடலாம்.

எதைப் போடலாம், எதைக் கூடாது

இந்த இயந்திரங்களின் கையேடு ஆப்பிள் மரத்தையும் ரோஜாச் செடியையும் நினைத்து எழுதப்பட்டது. தென்னை மட்டையை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். தென்னை, பாக்கு, செம்பனை மட்டைகளில் இருப்பது நார். நார் வெட்டுப்படாமல் கயிறுபோல் நீண்டு அச்சில் சுற்றிக்கொள்ளும். அடிமட்டையை வீட்டு இயந்திரத்தில் போடவே கூடாது. ஓலையைக் கொஞ்சமாக, இரண்டு காய்ந்த குச்சிகளுக்கு நடுவே வைத்துக் கொடுத்தால் போகும். ஈர்க்கைச் சீவித் துடைப்பம் கட்டுவதே புத்திசாலித்தனம்.

வாழையும் வேண்டாம். வாழைத்தண்டு முழுக்க நீரும் நாரும். அதைக் கத்தியால் நறுக்கி மரத்தடியில் போட்டாலே தானாக மக்கிவிடும். முருங்கை பஞ்சுபோல் மென்மையாக இருப்பதால் எளிதில் போகும் என்று தோன்றும். உண்மையில் ஈரக் கூழாகி வெளியேறும் வாயை அடைத்துவிடும். ஒரு முருங்கைக் கிளை, ஒரு மாங்கிளை என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். மூங்கில் நீளச் சிம்பாகத் தெறிக்கும், கண் பத்திரம்.

தைப்பூசம் முடிந்த மறுநாள் சிதறு தேங்காய் மட்டைகளைப் பார்த்து, இதற்கெல்லாம் ஒரு சீவல் இயந்திரம் இருந்தால் என்ன என்று சிலர் கேட்பதுண்டு. சிரட்டை வீட்டு இயந்திரத்தின் கத்தியை ஒரே நாளில் பாழாக்கும். அதற்கு வேறு கனரக இயந்திரம் வேண்டும்.

அரளியைத் தனியாக ஒதுக்குங்கள். அதன் பால் நஞ்சு. சீவும்போது தெறிக்கும் துகள் கண்ணுக்கும் மூச்சுக்கும் ஆகாது. மாங்கிளையின் பாலும் சிலருக்குத் தோலில் கொப்புளம் உண்டாக்கும், அதனால் முழுக்கைச் சட்டை போடுங்கள். இன்னொன்று: வேப்ப மரத்தில் கட்டிய மஞ்சள் துணி, கொடிக்கு அடித்த ஆணி, துணி காயப்போட்ட கம்பி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போடுங்கள். மண் ஒட்டிய வேரைப் போடவே வேண்டாம். ஒரு கல், கத்தியின் ஒரு மாத ஆயுள்.

வெட்டிய கிளையை வாரக்கணக்கில் காயவிடாதீர்கள். பச்சையாக இருக்கும்போது கத்திக்குச் சுலபம். காய்ந்த கொய்யாக் கொம்பு இரும்புக்குச் சமம்.

வயரும் பிளக்கும்

நம் வீட்டு 13 ஆம்பியர் பிளக் 240 வோல்ட்டில் ஏறத்தாழ 3,100 வாட் தாங்கும். 2,500 வாட் இயந்திரம் அந்த எல்லைக்கு நெருக்கமானது. சமையலறையில் கேத்தலுக்கு மாட்டும் மெல்லிய நீட்டிப்பு வயரை இதற்கு மாட்டினால் வயர் சூடாகும், மோட்டாருக்குப் போகும் மின்னழுத்தம் குறையும், மோட்டார் திணறும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்புக்கம்பி உள்ள நீட்டிப்பு வயர் வாங்குங்கள். உருளையில் சுற்றிய வயரை முழுவதும் அவிழ்த்துவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும். சுருட்டி வைத்தபடி ஓட்டினால் உள்ளே வெப்பம் சேர்ந்து மேலுறை உருகும்.

மழை பெய்து ஓய்ந்த ஈரத் தரையில் மின்சார இயந்திரம் வேண்டாம். பெட்டியில் மின்கசிவைத் துண்டிக்கும் சாதனம், நாம் ஈஎல்சிபி என்று சொல்வது, 30 மில்லிஆம்பியர் உணர்திறன் கொண்டதா என்று மின் தொழிலாளரிடம் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். பழைய வீடுகள் சிலவற்றில் 100 மில்லிஆம்பியர்தான் இருக்கும். சிரிம் முத்திரை இல்லாத பொருளை இணையத்தில் மலிவு என்று வாங்க வேண்டாம். மின் கட்டணத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஒரு மணி நேரத்துக்கு இரண்டரை யூனிட், அவ்வளவுதான்.

கையை விடாதீர்கள்

கேலி, சேலை, துப்பட்டா, கழுத்தில் போட்ட துண்டு — இவற்றோடு இயந்திரத்தின் பக்கம் போகவே கூடாது. கிளையின் ஒரு கொக்கி துணியில் மாட்டினால் கிளையோடு துணியும், துணியோடு ஆளும் உள்ளே போகும். கையுறை போடலாம், ஆனால் மணிக்கட்டில் தொளதொளவென்று இருக்கக் கூடாது. கண்ணாடி, காதடைப்பு, மூடிய காலணி கட்டாயம். ஜப்பான் சிலிப்பர் காலணி ஆகாது.

கிளையை அடிப்பக்கமாக உள்ளே விடுங்கள், விட்டதும் கையை எடுத்துவிட்டுப் பக்கவாட்டில் நில்லுங்கள். வாய்க்கு நேரே நின்றால் தெறித்து வரும் துண்டு முகத்தில்தான் படும். கடைசிக் குட்டைத் துண்டுகளை இன்னொரு நீளக் குச்சியால் தள்ளுங்கள். அதைக் கையால் தள்ளப் போய்தான் விரல் போகிறது.

அடைத்துக்கொண்டால், அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். பெட்ரோல் வகையென்றால் ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றுங்கள். அணைத்த பிறகும் கனமான தட்டு பல விநாடி சுற்றிக்கொண்டே இருக்கும். சத்தம் நின்றது, கத்தி நின்றது ஆகாது. பிள்ளைகளுக்கு இலை பறக்கும் இயந்திரம் வேடிக்கையாகத் தெரியும். வீட்டுக் கதவைச் சாத்திவிட்டுத் தொடங்குங்கள்.

கத்திதான் எல்லாம்

பால் மரம் சீவியவர்கள் வீட்டில் இருந்தால் இந்தப் பகுதியை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். எழுதியிருப்பது சரியா தவறா என்று சொல்வார்கள். விடியற்காலையில் கத்தியைச் சாணைக்கல்லில் தீட்டாமல் அவர்கள் வெட்டுக்குப் போனதில்லை. மொண்ணைக் கத்தி பட்டையைக் கிழிக்கும், மரத்தைக் காயப்படுத்தும், பால் குறையும், கையும் வலிக்கும். சீவல் இயந்திரத்துக்கும் இதே நியாயம்தான்.

கத்தி மழுங்கியதைச் சீவலைப் பார்த்தே சொல்லிவிடலாம். கூரான கத்தியிலிருந்து ஓரம் சுத்தமாக வெட்டுப்பட்ட சில்லுகள் விழும். மழுங்கினால் நூல் நூலாக, கிழிந்த நாராக வரும். கிளை தானாக உள்ளே போகாமல் துள்ளும், நீங்கள் அழுத்த வேண்டியிருக்கும், மோட்டார் முனகும். அழுத்த வேண்டி வந்த அந்த நொடியில் நிறுத்திவிடுங்கள். விபத்துக்கும் மோட்டார் கருகுவதற்கும் வழி அங்கேதான் திறக்கிறது. இயந்திரத்துக்குச் சக்தி போதவில்லை என்று திட்டுபவர்களில் பலருக்கு உண்மையில் கத்திக்குக் கூர் போதவில்லை.

கத்தியைக் கழற்றும்போது எந்தப் பக்கம் எப்படி இருந்தது என்று கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். சில கத்திகளை அப்படியே திருப்பிப் போட்டு மறுமுனையைப் பயன்படுத்தலாம். தீட்டுவதென்றால் ஏற்கெனவே இருக்கும் சாய்வை மாற்றாமல், தட்டையான பின்பக்கத்தைத் தொடாமல் தீட்ட வேண்டும். மின்சாணையில் பிடிப்பவர்கள் அடிக்கடி தண்ணீரில் நனைத்துக்கொள்ள வேண்டும். உலோகம் நீலம் பாய்ந்துவிட்டால் அதன் உறுதி போய்விட்டது, இனி எத்தனை முறை தீட்டினாலும் கூர் நிற்காது. இரண்டு கத்தி இருந்தால் இரண்டையும் ஒரே அளவு தேய்க்க வேண்டும். ஒன்று எடை கூடி இன்னொன்று குறைந்தால் தட்டு ஆட்டம் கொடுத்து, பேரிங் சீக்கிரம் போய்விடும். கழற்றிய பூட்டு நட்டுகளை மறுபடி மாட்டாமல் புதியது போடுங்கள். அதன் விலை சில காசுகள்தான்.

கத்திக்கு எதிரே அசையாமல் ஒரு தகடு இருக்கும். கத்திக்கும் அதற்கும் உள்ள இடைவெளி மிகச் சிறியது, பெரும்பாலும் ஒன்று இரண்டு மில்லிமீட்டர்தான். இடைவெளி கூடினால் எவ்வளவு கூரான கத்தியும் வெட்டாமல் மெல்லும். கையேட்டில் சொன்ன அளவை வைத்துச் சரிசெய்யுங்கள். உருளை வகையில் பக்கத்தில் ஒரு திருகு இருக்கும். இயந்திரம் ஓடும்போது அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால், தகடு உருளையைத் தொடும் நேரத்தில் மெல்லிய அலுமினியத் துகள் கீழே விழும். அங்கே நிறுத்திக்கொள்ளுங்கள். நார் முழுதாக அறுபடாமல் சங்கிலிபோல் தொங்கிக்கொண்டு வந்தால் இந்தத் திருகைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு முறை வேலை முடிந்ததும் உள்ளே ஒட்டிய தழையைச் சுரண்டி எடுத்து, கத்தியைத் துடைத்து, லேசாக எண்ணெய் பூசி வையுங்கள். மரப்பால் காய்ந்தால் பசைபோல் இறுகும், பினாங்கின் ஈரக்காற்றில் இரண்டு இரவிலேயே துரு ஏறும். தண்ணீர்க் குழாயை உள்ளே பீய்ச்சாதீர்கள்.

பெட்ரோல் வகைக்கு இன்னும் சில. புது இயந்திரம் என்ஜின் எண்ணெய் இல்லாமல்தான் பெட்டியில் வரும். அதைப் பார்க்காமல் இழுத்து ஓட்டியவர்கள் முதல் நாளே என்ஜினைக் கொன்றிருக்கிறார்கள். ஏழு குதிரைத்திறன் வகைக்குச் சுமார் 0.6 லிட்டர் பிடிக்கும். முதல் இருபது மணி நேரத்தில் ஒருமுறை மாற்றி, பிறகு நூறு மணி நேரத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை மாற்றலாம். காற்று வடிகட்டியை அடிக்கடி தட்டிச் சுத்தம் செய்யுங்கள், மரத்தூளில் அது சீக்கிரம் அடையும். ஒரு மாதத்துக்கு மேல் ஓட்டப் போவதில்லை என்றால் பெட்ரோலைக் காலி செய்துவிடுங்கள். பழைய பெட்ரோல் கார்ப்ரேட்டரில் பிசினாக உறையும். கோளாறு என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் இயந்திரங்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

சீவலை என்ன செய்வது?

இதைத் தூக்கி எறிந்தால் வாங்கியதற்கே அர்த்தமில்லை. மரத்தடியில் இரண்டு மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்பினால் களை அடங்கும், வெயிலில் மண் வறளாது, மழையில் மண் அரிக்காது. தண்டை ஒட்டிக் குவிக்காமல் ஒரு சாண் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் பட்டை அழுகும். வீட்டுச் சுவரை ஒட்டியும் போடாதீர்கள், கரையானுக்குப் பாதை போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

பச்சை மரச்சீவலைக் கத்தரி, மிளகாய்ப் பாத்தி மண்ணுக்குள் கலந்துவிட்டு, செடி மஞ்சளாகிவிட்டது என்று வருந்துபவர்கள் உண்டு. மரத்தை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய நைட்ரஜனை மண்ணிலிருந்தே எடுத்துக்கொள்வதால் செடிக்குப் பற்றாக்குறை வந்துவிடுகிறது. மேலே பரப்பினால் அந்தத் தொந்தரவு அவ்வளவாக இல்லை. உரமாக்க வேண்டுமென்றால் வெட்டிய புல், காய்கறித் தோல், கொஞ்சம் கோழி எரு கலந்து குவித்து, கைக்கு ஈரம் தட்டுப்படும் அளவில் வைத்து, இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள். வீட்டுக் கழிவை உரமாக்குவது பற்றி பினாங்கு பயனீட்டாளர் சங்கம் தமிழில் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறது. விளக்கம் வேண்டுவோர் அங்கே கேட்கலாம்.

கிளறுவதற்கு இன்னொரு காரணம் தோட்டத்தில் பார்த்த அதே காண்டாமிருக வண்டு. கிளறாமல் கிடக்கும் குவியலுக்குள் வெள்ளையாக, வளைந்து, கட்டைவிரல் பருமனில் புழு இருந்தால் எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். விட்டுவைத்தால் பக்கத்து வீட்டுத் தென்னையின் குருத்துக்குப் போகும். குவியலைப் பிளாஸ்டிக் விரிப்பால் மூடுபவர்கள் அதன் மடிப்பில் மழைநீர் தேங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். டிங்கிக் கொசுவுக்கு அந்த நீர் போதும், சுகாதார அதிகாரி அபராதம் போடுவதற்கும் போதும்.

பத்து வீட்டுக்கு ஒன்று

ஆண்டுக்கு நான்கு நாள் ஓடும் இயந்திரத்தை வீட்டுக்கு வீடு வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு சந்தில் பத்து வீடு சேர்ந்தாலோ, குடியிருப்பாளர் சங்கமோ கோயில் நிர்வாகமோ முன்வந்தாலோ, மலிவான பத்து இயந்திரத்தின் காசில் உருப்படியான ஒன்றை வாங்கலாம். நம்மிடம் கூட்டுச் சீட்டுப் பழக்கம் இருக்கிறது, கல்யாணப் பாத்திரங்களைக் கோயிலில் வைத்து ஊருக்கே பயன்படுத்திய பழக்கமும் இருக்கிறது. இது அதைவிடக் கடினமில்லை.

ஆனால் பொதுச் சொத்து என்றால் கத்தியை யார் தீட்டுவது என்ற கேள்வி வந்தே தீரும். அதை வாங்கும் நாளிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஓட்டத் தெரிந்த இருவர் மட்டுமே ஓட்டட்டும், சாவி அவர்களிடமே இருக்கட்டும். ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி, யார் வீட்டு வேலை, எத்தனை மணி நேரம், கத்தி எப்போது தீட்டியது என்று எழுதி வையுங்கள். ஒரு முறைக்கு இவ்வளவு என்று சிறு தொகை வசூலித்தால் கத்திக்கும் எண்ணெய்க்கும் அது ஆகும். தீபாவளிக்கு முந்திய இரண்டு வாரம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கொல்லையைச் சுத்தம் செய்ய வேண்டியிருக்கும். அந்த இரண்டு வாரத்துக்கான வரிசையை மட்டும் முன்கூட்டியே எழுதிக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள்.